பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட்: "அந்தக் குள்ளக் கிழவர் யாருங்க?" என்று கேட்பவர்களுக்கு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் கூடி பழைய படம் ஒன்று பார்ப்பது எங்கள் வழக்கம். படம் முடிந்து டீ வரும்போது நாயகனைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. நாலைந்து காட்சிகளில் வந்து, முனகிக்கொண்டே எதையோ சொல்லிவிட்டுப் போன ஒரு கிழவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அது பெரும்பாலும் ஒரே ஆள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

அந்தக் குள்ளமான கிழவர் யாருங்க? நிறைய படத்துல பார்த்திருக்கேன், பேரு மட்டும் தெரியல.

பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். அயர்லாந்துக்காரர், குணச்சித்திர நடிகர், டப்ளினில் 1888 மார்ச் 10 அன்று பிறந்தவர், அதே ஊரில் 1961 ஜனவரி 4 அன்று இறந்தவர். 'கோயிங் மை வே' படத்தின் வயதான பாதிரியார், 'தி குவயட் மேன்' படத்தில் குதிரை வண்டி ஓட்டும் கல்யாணத் தரகர், 'தி நேக்கட் சிட்டி'யில் கொலையைத் துப்பறியும் போலீஸ்காரர், 'அண்ட் தென் தேர் வேர் நன்' படத்தில் தீவுக்கு வந்து மாட்டிக்கொள்ளும் நீதிபதி, எல்லாம் இவர்தான். 'பிரிங்கிங் அப் பேபி'யில் சிறுத்தையைப் பார்த்து மிரளும் தோட்டக்காரரும் இவரே.

அடர்ந்த புருவம், முன்னால் துருத்திய தாடை, பாதி வாயிலேயே நின்றுவிடும் டப்ளின் பேச்சு. ஒருமுறை பார்த்தால் முகம் மறக்காது. பெயர் ஏன் மனதில் நிற்பதில்லை என்பதற்கு அடுத்த கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது.

குணச்சித்திர நடிகர்னு சொல்றீங்க. அதுவும் துணை நடிகரும் ஒண்ணுதானே?

இல்லை. துணை நடிகர் என்பது படத்தில் அவருக்குக் கிடைத்த இடத்தின் அளவு. குணச்சித்திர நடிகர் என்பது அவர் செய்யும் வேலையின் தன்மை. நாயகன் எந்தப் படத்திலும் நாயகனாகத்தான் இருப்பார், அவர் முகத்துக்காகக் கதை வளைந்துகொடுக்கும். குணச்சித்திர நடிகர் கதைக்குத் தேவையான ஒரு ஆளாக மாறி, அந்த ஆளுக்கு நடை, பேச்சு, எரிச்சல், பழக்கவழக்கம் எல்லாம் ஏற்றிவிட்டு ஒதுங்கிவிடுவார். அதனால்தான் பாதிரியார் ஞாபகமிருப்பார், நடிகர் பெயர் ஞாபகமிருக்காது.

இவர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இவருடைய குணச்சித்திர வேடம் ஒன்று துணை வேடமா முதன்மை வேடமா என்று ஆஸ்கர் குழுவாலேயே சொல்ல முடியாமல் போனது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்ட்னு ஒரு நடிகை இருக்காங்களே, அவங்களுக்கு அண்ணனா? அப்பாவா?

யாரும் இல்லை. இருவரும் டப்ளின், இருவரும் ஹாலிவுட் போனவர்கள், அவ்வளவுதான். இவர் பெயரே ஃபிட்ஸ்ஜெரால்ட் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு ராத்திரியில் நாடகம் நடித்ததால், மேலதிகாரி கண்ணில் படாமல் இருக்க வைத்துக்கொண்ட மேடைப் பெயர்தான் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் சம்பந்தமில்லை, அதையும் கேட்டுவிட்டார்கள்.

குமாஸ்தாவா இருந்தவரா? அப்போ நடிப்பு எங்க கத்துக்கிட்டார்?

வேலையிலிருந்தபடியே கற்றுக்கொண்டார். பகலில் வேலையில்லாதோருக்கான உதவித்தொகை சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கோப்பு, மாலையில் ஆபி தியேட்டர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் சின்னச் சின்ன வேடங்களில் ஆரம்பித்தது. 1929-ல் வேலையை விட்டபோது வயது 41. அதற்குள் ஷான் ஓ'கேசி எழுதிய, அயர்லாந்தின் இரண்டு மகத்தான நாடகங்களில் முக்கிய வேடம் போட்டு முடித்திருந்தார். சம்பளத்துக்குக் கோப்பு, ஆசைக்கு நாடகம் என்று கிட்டத்தட்ட பதினைந்து வருடம் ஓட்டிய மனிதர்.

முதல் மேடையேற்றம் பற்றி ஒரு கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷெரிடனின் 'தி கிரிட்டிக்' நாடகம், இவருக்கு மொத்தமே நான்கு சொல் வசனம். "டிஸ் மீட் இட் ஷுட்" என்று சொல்ல வேண்டும், அதாவது அப்படி நடப்பதே பொருத்தம் என்று கம்பீரமாக ஒத்துக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் எழுத்துகள் இடம் மாறி "டிஸ் ஷீட் இட் மூட்" என்று வந்துவிட்டது. அரங்கமே சிரித்ததாம். வேறு ஆளாக இருந்தால் மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்பார். இவருக்கோ தன் இடம் நகைச்சுவைதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிற்காலப் படங்களில் ஒரு வார்த்தையைத் தொடங்கி, விழுங்கி, வேறு பக்கமாக வெளியே விடுகிறாரே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

ஆபி தியேட்டர்னா ஏதோ பெரிய ராஜா தியேட்டர் மாதிரியா?

பெரிய கட்டடமெல்லாம் இல்லை, பேர்தான் பெரிது. கவிஞர் யேட்ஸும் லேடி கிரிகரியும் முன்னால் நின்று 1904 டிசம்பரில் டப்ளினில் திறந்த நாடக அரங்கம். அயர்லாந்து அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. தங்கள் ஊர் மக்களைத் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே மேடையில் காட்ட வேண்டும் என்பது நோக்கம். விடுதலைக்குப் பின், 1925-ல் அரசு மானியம் கிடைத்தது, ஆங்கிலம் பேசும் நாடுகளில் அப்படி மானியம் பெற்ற முதல் அரங்கம் இதுதான்.

நம் ஆளுக்கு இதனால் கிடைத்த லாபம், சம்பளம் குறைவு என்றாலும் பயிற்சி கொள்ளை கொள்ளையாக. இன்றைக்கு விவசாயி, அடுத்த வாரம் நீதிபதி, அதற்கடுத்து குடிகாரன் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். நட்சத்திரம் என்று ஒருவரைத் தூக்கி வைக்காமல் குழுவாக நடிக்கும் இடம். ஹாலிவுட்டில் இவரோடு ஒரே சட்டகத்தில் நிற்கும் ஆள் பேசும்போது இவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். அந்தக் கேட்கும் பழக்கம் அங்கே வந்ததுதான் என்பது என் எண்ணம்.

ஷான் ஓ'கேசி, ஓ'கேசின்னு சொல்லிட்டே இருக்கீங்க. யாரு அவரு, இவருக்கு என்ன செஞ்சாரு?

டப்ளினின் ஏழைக் குடியிருப்புகளைத் தெரிந்தவர், கூலி வேலை பார்த்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நாடக ஆசிரியராகப் பேர் வாங்கியவர். 1924 மார்ச்சில் இவருடைய 'ஜூனோ அண்ட் தி பேகாக்' ஆபியில் அரங்கேறியது. ஜூனோவாக சாரா ஆல்குட், அவள் கணவன் கேப்டன் பாயிலாக பாரி, அவன் கூடவே திரியும் ஜாக்சராக எஃப். ஜே. மெக்கார்மிக். பாயில் ஏதோ ஒரு கப்பலில் கொஞ்ச நாள் போனதை வைத்துக்கொண்டு தன்னைக் கேப்டன் என்று சொல்லிக்கொள்பவன். வேலை இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கால் வலி வந்துவிடும்.

இதைக் கேட்டால் வெறும் சிரிப்பு நாடகம் போலத் தோன்றும். கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். கடனுக்கு வாங்கிய சாமானையெல்லாம் கடைக்காரர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். மகனை உள்நாட்டுப் போர்ப் பகையில் சுட்டுக் கொன்றாயிற்று. மனைவி கர்ப்பிணி மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். காலி அறைக்குள் பாயிலும் ஜாக்சரும் போதையில் தடுமாறி வருகிறார்கள், மகன் செத்ததுகூட பாயிலுக்குத் தெரியாது. உலகமே பெருங்குழப்பத்தில் கிடக்கிறது என்று தத்துவம் பேசுகிறான், குழப்பத்துக்கான 'கேயாஸ்' என்ற சொல் அவன் வாயில் 'சாசிஸ்' என்று வண்டிச் சட்டமாகிவிடுகிறது. அரங்கம் சிரிக்கும், சிரித்த மறுகணம் தொண்டை அடைக்கும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய ஒரு நடிகர் வேண்டுமே, அது பாரி. படங்களில் நமக்குக் கிடைத்தது இதில் பாதிதான். மற்ற பாதி எங்கே போனது என்பதைத்தான் கீழே தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேடையிலயே ஒருத்தரை அடிச்சாராமே, நிஜமா?

அப்படித்தான் அன்றைய செய்திகள் சொல்கின்றன. 1926 பிப்ரவரியில் ஓ'கேசியின் அடுத்த நாடகம் 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்' ஏறியது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சி நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அதில் உயிர்விட்டவர்களின் குடும்பத்தார் ஊரில் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மேடையில் மதுக்கடைக்குள் அயர்லாந்தின் மூவர்ணக் கொடி வருகிறது, அங்கேயே விலைமகள் ஒருத்தியும் நிற்கிறாள். நான்காம் நாள் ராத்திரி கூட்டம் பொங்கிவிட்டது. கூச்சல், தள்ளுமுள்ளு, சிலர் மேடை மேலேயே ஏறிவிட்டார்கள். ஏறியவர்களில் ஒருவருக்கு பாரி விட்ட குத்தில் அவர் பார்வையாளர் இருக்கைப் பக்கம் போய் விழுந்தார். யேட்ஸ் மேடைக்கு வந்து, மறுபடியும் உங்களை நீங்களே அசிங்கப்படுத்திக்கொண்டீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது தனிச் சரித்திரம்.

அன்று அவர் போட்டிருந்த வேடம் ஃப்ளூத்தர் குட் என்ற தச்சன். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று முதல் காட்சியில் சத்தியம் செய்துவிட்டு அடுத்த காட்சியில் மதுக்கடையில் நிற்கும் ஆள். பிடிக்காத எதையும் 'டெராகேட்டரி' (இழிவானது) என்பான், அர்த்தம் பொருந்துகிறதா என்று பார்க்க மாட்டான். ஆனால் தெருவில் துப்பாக்கி வெடிக்கும்போது அடுத்தவர் வீட்டுப் பெண்ணைத் தேடிப் போய்க் கூட்டி வருபவனும் அவன்தான். எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஈரம் காயாத துக்கம் அது.

ஹிட்ச்காக் 'ஜூனோ'வைப் படமா எடுத்திருக்காரே, அதுல கேப்டன் பாயில் இவர்தானே?

எல்லோரும் ஏமாறும் இடம் இது, நானும் ஏமாந்திருக்கிறேன். 1930-ல் வந்த அந்தப் படத்தில் சாரா ஆல்குட் ஜூனோவாகவே வருகிறார், ஆனால் பாயில் வேடம் எட்வர்ட் சாப்மன் என்ற ஆங்கிலேய நடிகருக்குப் போய்விட்டது. பாரிக்குக் கிடைத்தது படத் தொடக்கத்தில் தெருவில் கூட்டத்தைப் பார்த்துப் பேசும் சொற்பொழிவாளர் வேடம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்க, கூட்டம் சிதறுகிறது, அத்தோடு அவர் வேலை முடிந்தது. மேடையில் அந்த வேடத்தை உருவாக்கியவரை வைத்துக்கொண்டே வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் காலத்தில் அவர் லண்டனில் இருந்தார். ஓ'கேசியின் 'தி சில்வர் டாஸி' நாடகத்தை ஆபி நிராகரித்துவிட்டது, ஓ'கேசி கோபித்துக்கொண்டு அதை 1929-ல் லண்டனில் ஏற்றினார், அதில் நடிக்கத்தான் பாரி அரசு வேலையை விட்டார். கொஞ்ச நாள் இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்ததும் உண்டு. ஹிட்ச்காக் விஷயத்தில் ஒரு பின்குறிப்பு: 1955-ல் அவருடைய தொலைக்காட்சித் தொடரில் ஒரு கிறிஸ்துமஸ் கதையில், ஜெயிலிலிருந்து வெளியே வந்து கடையில் சாண்டா கிளாஸ் வேடம் போடும் ஆளாக பாரி வந்தார். அரை மணி நேரக் கதை, தேடிப் பாருங்கள்.

ஹாலிவுட்டுக்கு யார் கூட்டிட்டுப் போனது?

இயக்குநர் ஜான் ஃபோர்ட். ஆபி குழு முப்பதுகளில் அமெரிக்காவில் பலமுறை சுற்றி நாடகம் போட்டது, அதனால் அங்கே இவர்கள் முகம் தெரியும். 1936-ல் 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்' நாடகத்தை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காகப் படமாக எடுத்தபோது ஃபோர்ட் பாரியையும் ஆபியின் வேறு சில நடிகர்களையும் வரவழைத்தார். நாயகி பார்பரா ஸ்டான்விக். மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், பாரி தங்கிவிட்டார், அப்போது வயது 48.

அப்புறம் வந்ததெல்லாம் கலவை. 'தி லாங் வாயேஜ் ஹோம்', 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' மாதிரி ஃபோர்டின் நல்ல படங்களும் உண்டு, 1941-ல் ஒரு டார்சன் படமும் உண்டு. நடுவில் நியூயார்க் மேடையையும் விடவில்லை, 1940-ல் அங்கே சாரா ஆல்குட்டோடு சேர்ந்து 'ஜூனோ'வை மறுபடி நடித்தார்.

ஒரே வேஷத்துக்கு ரெண்டு ஆஸ்கர் பரிந்துரைன்னு படிச்சேன். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1944-ல் வந்த லியோ மெக்கேரியின் 'கோயிங் மை வே'. ஃபாதர் ஃபிட்ஸ்கிப்பன் என்ற அதே வேடத்துக்காக சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் இரண்டு பட்டியலிலும் இவர் பெயர் வந்தது. அன்றைய விதிப்படி ஒரு நடிப்பை எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வாக்காளர்கள் எழுதலாம், இரண்டிலும் போதுமான வாக்கு விழுந்துவிட்டது. 1945 மார்ச் 15 அன்று துணை நடிகர் விருது இவருக்கு, சிறந்த நடிகர் விருது அதே படத்தில் இளைய பாதிரியாராக வந்த பிங் கிராஸ்பிக்கு. உடனே விதியை மாற்றினார்கள், ஒரு நடிப்புக்கு ஒரு பிரிவுதான் என்று. ஆக நடிப்புப் பிரிவில் இந்தக் கூத்து வேறு யாருக்கும் நடக்கவில்லை. நியூயார்க் விமர்சகர்கள் குழப்பிக்கொள்ளாமல் அந்த வருடத்தின் சிறந்த நடிகராகவே இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறந்த நடிகர் போட்டியில் கேரி கிராண்டும் இருந்தார், அவர் பரிந்துரை பெற்ற 'நன் பட் தி லோன்லி ஹார்ட்' படத்திலும் நம் பாரி நடித்திருக்கிறார் என்பது ஒரு வேடிக்கை.

வாக்காளர்கள் குழம்பியதில் தப்பில்லை. கதை இதுதான்: பழைய தேவாலயம் ஒன்றில் நாற்பத்தைந்து வருடமாக இருக்கும் கிழப் பாதிரியாருக்கு உதவியாள் என்று ஒரு இளைஞர் வருகிறார். உண்மையில் ஆயர் அவரைப் பொறுப்பெடுக்கத்தான் அனுப்பியிருக்கிறார், கிழவருக்குத் தெரியாது. இந்தப் பையன் வேண்டாம், வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்ல ஆயரிடம் போகும் கிழவர், விஷயம் புரிந்து திரும்பி வருகிறார். கத்தலும் இல்லை அழுகையும் இல்லை. இதுவரை அதிகாரம் செய்த அதே அறையில், இப்போது விருந்தாளி மாதிரி எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறார். அப்போது அவர் நிஜ வயது ஐம்பத்தைந்து சொச்சம், எழுபதைத் தாண்டிய ஆளின் முழங்கால் எப்படி இருக்குமோ அப்படியே நடக்கிறார். கேப்டன் பாயிலின் மற்ற பாதி எங்கே போனது என்றேனே, கொஞ்சம் இந்தக் காட்சியில் எட்டிப் பார்க்கிறது.

ஆஸ்கர் சிலையோட தலையை உடைச்சது இவரா?

இவரேதான். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு, அதனால் சில வருடம் சிலைகளைச் சுண்ணச் சாந்தில் செய்து மேலே வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். பாரிக்கு கோல்ஃப் பைத்தியம், வீட்டுக்குள்ளேயே மட்டையை வீசிப் பழகியபோது சிலையின் தலை போய்விட்டது. பிறகு வேறு சிலை கொடுத்தார்கள்.

பாதிரியாரா அவ்ளோ நல்லா நடிச்சாரே, தீவிர கத்தோலிக்கரா இருப்பாரோ?

கத்தோலிக்கரே இல்லை, புராட்டஸ்டன்ட் குடும்பம். அம்மா ஜெர்மன்காரர். திருமணமும் செய்துகொள்ளவில்லை, ஆகையால் துறவி வாழ்க்கை அத்தனை தூரமாக இருந்திருக்காது என்று ஒரு நண்பர் கிண்டலடித்தார்.

ஆனால் அந்தப் பாதிரியார் நம்ப வைப்பது ஜெபத்தால் இல்லை. புத்தக அலமாரியில் மறைத்து வைத்த சங்கீதப் பெட்டிக்குள் அயர்லாந்திலிருந்து அம்மா அனுப்பும் விஸ்கி பாட்டில் இருக்கிறது, அதை எடுக்கும்போது அவர் முகத்தில் வரும் அந்தப் பையன்களை ஒத்த திருட்டுக் களை. நாலு சொட்டு ஊற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குகிறார் பாருங்கள், அதில்தான் மனிதர் இருக்கிறார்.

'தி குவயட் மேன்'ல இன்னொரு பாதிரியார் கிட்டத்தட்ட இவர் ஜாடையிலயே இருக்காரே?

கூடப் பிறந்த தம்பி, ஆர்தர் ஷீல்ட்ஸ். 1896-ல் பிறந்தவர், பெயரை மாற்றாதவர். அண்ணனுக்கு முன்பே ஆபியில் சேர்ந்துவிட்டார். 1916 எழுச்சியில் துப்பாக்கி எடுத்துப் போரிட்டு, வேல்ஸில் ஃபிராங்காக் முகாமில் சிறை இருந்தார். அவர் துப்பாக்கியை ஆபி மேடைக்கு அடியில்தான் ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்வார்கள். தம்பி பிரிட்டிஷ் ராணுவத்தைச் சுட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் அதே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சம்பளத்தில் குமாஸ்தா. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஃபோர்டின் 'ப்ளவ்' படத்தில் எழுச்சியின் தலைவர் பியர்ஸாக நடித்ததும் இந்தத் தம்பிதான்.

நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி: ழான் ரென்வார் வங்காளத்தில் வந்து எடுத்த 'தி ரிவர்' (1951) படத்தில் மிஸ்டர் ஜான் என்ற பாத்திரம் ஆர்தர். அவருடைய மகள் மெலனியாக வந்து ஆடுபவர் ராதா, கலாக்ஷேத்ராவில் பரதம் பயின்றவர், ருக்மிணி தேவியின் அண்ணன் மகள். பிற்பாடு ராதா பர்னியர் என்ற பெயரில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாரே, அவரேதான். டப்ளின் எழுச்சிக்காரர் ஒருவர் அடையாற்றுப் பெண்ணுக்குத் திரையில் அப்பா!

'தி குவயட் மேன்' இவரோட சிறந்த படமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

புகழ் பெற்ற படம், எடுத்ததும் மனதுக்குப் பிடிக்கும் படம். 1951 கோடையில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் காங் என்ற ஊரில் எடுத்தார்கள், 1952-ல் வெளிவந்து ஃபோர்டுக்கு நான்காவது ஆஸ்கரை வாங்கித் தந்தது. அதே 1951 ஜூலையில்தான் ஆபி தியேட்டர் தீயில் எரிந்துபோனது, அது இந்தக் கதையில் ஒரு கசப்பு.

மைக்கலீன் ஓக் ஃப்ளின் என்ற தரகர் வேடம். ஜான் வெய்னை வண்டியில் ஏற்றி வரும்போது, யாரும் கடிவாளத்தை இழுக்காமலே குதிரை மதுக்கடை வாசலில் நின்றுவிடும். குதிரைக்கே பழகிவிட்டது! கல்யாணத்துக்கு மறுநாள் காலை உடைந்து கிடக்கும் கட்டிலைப் பார்த்துவிட்டு, நடந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஹோமர் காவியத்துக்குச் சமம் என்கிற ரீதியில் ஒரு வார்த்தை விடுவார். நான் பார்த்த ஒவ்வொரு தடவையும் கூடத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. இருந்தாலும் சிறந்த படம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், காரணம் அடுத்த பதிலில்.

எப்பப் பார்த்தாலும் குடிக்கிற, உளறுற ஐரிஷ்காரர். ஒரே வேஷத்தை இருபது வருஷம் ஓட்டிட்டார்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?

கோபம் இல்லை, பாதி உண்மை. மேடை ஐரிஷ்காரன் என்று ஒரு பொம்மை உண்டு: குடி, கோபம், வாய்ஜாலம், பொன்னான மனசு. ஆங்கிலேய மேடை இதை நூற்றாண்டுக் கணக்கில் விற்றது, ஹாலிவுட் வாங்கிக்கொண்டது. அந்தப் பொம்மையை உடைக்க வேண்டும் என்றுதான் ஆபியே ஆரம்பித்தார்கள். அங்கே வளர்ந்தவர் கடைசியில் அதே பொம்மைக்குச் சட்டை மாட்டினார் என்று அயர்லாந்துக்காரர்கள் சிலர் முணுமுணுப்பது நியாயமானதே. தரகர் ஃப்ளின்னின் குடியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கேப்டன் பாயிலின் குடி ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்தியது. ஹாலிவுட் கேட்டது முதல் வகை, அவர் கொடுத்தார், நன்றாகவும் கொடுத்தார், சம்பளமும் வாங்கினார்.

ஆனால் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1948-ல் ஜூல்ஸ் டாசின் எடுத்த 'தி நேக்கட் சிட்டி'யைப் பாருங்கள். நியூயார்க் தெருக்களில், கண்ணாடி மறைப்பு வைத்த வண்டிக்குள் கேமராவை ஒளித்து, நிஜக் கூட்டத்துக்கு நடுவில் எடுத்த படம். இவர் லெப்டினன்ட் மல்டூன். குடி இல்லை, கூத்து இல்லை. பொய் சொல்லும் சாட்சியிடம் ரொம்பப் பணிவாக, கொஞ்சம் மந்தமானவர் போலக் கேட்டுக் கேட்டு அவன் கதையைப் பிரித்துவிடுவார். 'அண்ட் தென் தேர் வேர் நன்' படத்தின் நீதிபதியும் அப்படித்தான், அங்கே அந்தப் பணிவுக்கு வேறு அர்த்தம், பார்க்காதவர்களுக்காக மேலே சொல்லவில்லை. ஒரே குரல், ஒரே தாடை, ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு ஆள்.

கடைசி காலத்துல என்ன ஆனார்?

1956-ல் 'தி கேட்டர்டு அஃபேர்' படத்தில் பெட்டி டேவிஸ் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக் மாமாவாக வந்தார். பிறகு டப்ளினுக்கே திரும்பிவிட்டார். 1959-ல் வந்த 'பிராத் ஆஃப் எ பாய்' படத்தில் 110 வயதுக் கிழவர் வேடம், நிஜத்தில் எழுபதைத் தாண்டியிருந்தார். பாதிரியாரிலிருந்து வயதைக் கூட்டிக் காட்டியே பழகிய மனிதருக்குப் பொருத்தமான முடிவு. ஹாலிவுட் நடைபாதையில் சினிமாவுக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று என்று இரண்டு நட்சத்திரம் இருக்கிறது. கல்லறை டப்ளினில், டீன்ஸ்கிரேஞ்ச் மயானத்தில்.

சரி, எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்? மேடை நடிப்பு எங்கயாவது பதிவாகியிருக்கா?

சிரிக்க வேண்டுமென்றால் 'தி குவயட் மேன்', ஆளைத் தெரிந்துகொள்ள 'கோயிங் மை வே', நடிப்பைக் கவனிக்க 'தி நேக்கட் சிட்டி'. இந்த வரிசையிலேயே பாருங்கள், தலைகீழாகப் பார்த்தால் தரகர் கொஞ்சம் சப்பென்று இருப்பார்.

1924-ன் கேப்டன் பாயிலைப் பார்க்க வழியே இல்லை, அதைப் பார்த்தவர்களோடு போய்விட்டது. பக்கத்தில் வரக்கூடியது ஃபோர்டின் 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்' ஒன்றுதான், ஏனென்றால் மேடையில் போட்ட அதே ஃப்ளூத்தராக அதில் அவரே வருகிறார். படம் சுமார், தயாரிப்பாளர்கள் கைவைத்துக் கெடுத்தது தெரியும். ஸ்டான்விக் வரும் காட்சிகளைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு, ஃப்ளூத்தர் மதுக்கடைக்குள் சண்டைக்கு நின்றுகொண்டு தொப்பியைச் சரிசெய்யும் இடம் வந்தால் நிறுத்திப் பாருங்கள். பத்து வருடம் முன்னால் டப்ளினில் மேடையேறியவரைக் குத்திய ராத்திரி, அவர் போட்டிருந்தது இந்த வேடம்தான்.